ஐந்து பெட்டித் தோட்டா, ஒரு சுருள் கடதாசி

கராஜில் மேசைக்குமேல் பிளாஸ்டிக் விரித்து வேட்டையில் விழுந்த கூஸின் மார்பை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தி நுனியில் 'டிக்' என்று ஏதோ தட்டுப்பட்டது. விரலால் தோண்டி எடுத்தேன். மிளகை விடச் சற்றுச் சிறிய, கறுத்த உருண்டை. உள்ளே போய் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த நயாகரா காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்து கிட்டப் பிடித்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. உருக்குச் சன்னம், 2ஆம் நம்பர். இறகு, தோல், ஒரு விரல் தடிப்புக் கொழுப்பு, முழு மார்புச் சதை எல்லாம் தாண்டி எலும்பில் போய் நின்றிருந்தது.

இரண்டு வருசத்துக்கு முதல் இதே மேசையில் வெட்டிய கூஸில் சன்னம் தோலுக்குக் கீழேயே கிடந்தது. இறகையும் சுருட்டி இழுத்துக்கொண்டு போய், கொழுப்போடு நின்றுவிட்டது. அதற்கும் இதற்கும் இடையில் ஐந்து பெட்டித் தோட்டா, ஒரு சுருள் பிறவுண் கடதாசி, நீலம் பாரித்த ஒரு தோள், தேடிக் கிடைக்காமல் போன ஒரு பறவை. ஒன்ராறியோவில் எங்கட ஆட்கள் சிலர் இப்போது வேட்டை லைசென்ஸ் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதி வைக்கிறேன்.

முதலில் சொற்கள். நான் தாரா என்பது தமிழ்நாட்டில் வாத்து. கூஸுக்குத் தமிழில் என்ன என்று இங்கே ஒருவரும் தலையை உடைப்பதில்லை, கூஸ் கூஸ்தான். தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன உருண்டைகளை நான் சன்னம் என்கிறேன், தமிழ்நாட்டில் ரவை என்பார்கள். வன்னியில் வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லோடு வேறு நினைவுகளும் வரும். அதை இங்கே விடுவம்.

என் துவக்கு பழசாக வாங்கிய மொஸ்பேர்க் 500. 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) பம்ப், 28 அங்குலக் குழல், 3 அங்குல அறை (தோட்டா உட்காரும் இடம்). குழல் நுனியில் திருகிப் போடுகிற சோக் மூன்று கூடவே வந்தன: இம்ப்ரூவ்ட் சிலிண்டர், மொடிஃபைட், ஃபுல். முதலாவது குழலை ஆகக் குறைவாக ஒடுக்கும், ஃபுல் ஆகக் கூட ஒடுக்கும். நீர்ப்பறவைக்கு மொத்தமாக மூன்று தோட்டாவுக்கு மேல் துவக்கில் போடக்கூடாது. அதற்கு மேல் போகாமல் அடைக்கும் மரத்தடி மகஸீனுக்குள் (தோட்டா அடுக்கும் குழாய்க்குள்) இருக்கிறதா என்று வாங்கிய அன்றே கழற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சீசன்: மலிந்த பெட்டி

முதல் தடவை கடைக்குப் போனபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியப்பாவின் இடியன் துவக்குத்தான். அதில் மருந்து இடித்து, ஈயத்துண்டோ சைக்கிள் போல்ஸோ கைக்கு வந்ததைப் போட்டு, குளத்துக் கட்டில் படுத்திருந்து ஒரு வெடி வைப்பார். விழுந்தால் கறி, விழாவிட்டால் பருப்பு. இங்கே கடையில் ஒரு முழுச் சுவர் நிறையத் தோட்டா. ஆக மலிவாக இருந்த ஈயத் தோட்டாவை எடுத்துக்கொண்டு காசு கட்டப் போனேன். எதற்கு என்று கேட்டார் கவுண்டரில் நின்றவர். தாராவுக்கு என்றேன். பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப அடுக்கினார்.

கனடா முழுக்க நீர்ப்பறவைக்கு ஈயம் 1999 முதல் தடை. அமெரிக்காவில் 1991 முதல். தாராவும் கூஸும் இரை அரைக்கச் சின்னக் கல் பொறுக்கி விழுங்கும். சேற்றில் கிடக்கும் ஈயச் சன்னத்தையும் கல் என்று விழுங்கி, அது இரைப்பையில் அரைபட்டு நஞ்சாகிச் செத்துப்போகும். சுடாத பறவையும் சாகிறது. அதனால் இப்போது உருக்கு, பிஸ்மத், டங்ஸ்டன் வகைகள்தான். விலையும் அதே வரிசையில் ஏறும்.

அப்படி வாங்கியது முதலாவது பெட்டி: உருக்கு, 4ஆம் நம்பர், 3 அங்குலம், 1⅛ அவுன்ஸ், 25 தோட்டா 24 டொலர். நம்பர் கூடக்கூடச் சன்னம் சிறுக்கும் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. இலகுவான கணக்கு ஒன்று இருக்கிறது. 17இலிருந்து நம்பரைக் கழித்தால் வருவது அங்குலத்தின் நூறில் எத்தனை பங்கு என்பது. 4ஆம் நம்பர் 0.13 அங்குலம், 2ஆம் நம்பர் 0.15. பிபி (BB) என்ற பெரிய சன்னம் இந்தக் கணக்குக்குள் வராது, அது 0.18. கேட்கச் சின்ன வித்தியாசம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஒரு அவுன்ஸில் 4ஆம் நம்பர் உருக்கு ஏறக்குறைய 190 சன்னம் பிடிக்கும், 2ஆம் நம்பர் 125, பிபி 72. இந்த மூன்று எண்களைப் பாடமாக்கினால் பெட்டியில் எழுதியிருக்கும் மிச்ச விளம்பரத்தை வாசிக்கத் தேவையில்லை.

ஸ்கூகொக் ஏரியின் கோரைக்குள் தாராவுக்கு அந்தப் பெட்டி திறமாக வேலை செய்தது. பொம்மைத் தாரா மிதக்கவிட்டு, 25 யார் (கெஜம்) தூரத்தில் இறங்கி வந்தவற்றைச் சுட்டேன். நான்கு விழுந்தது. தலைக்கனம் ஏறிவிட்டது.

ஒக்டோபரில் சோளம் வெட்டிய வயலில் கூஸுக்கு அதே பெட்டியோடு போனேன். மேலால் போன கூட்டத்துக்கு ஒரு வெடி. சன்னம் இறகில் பட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது, தகரத்தில் மழைத்துளி விழுந்த மாதிரி. பறவை ஒரு தரம் குலுங்கியது. பிறகு செட்டையை விரித்து மிதந்தபடியே அரைக் கிலோமீற்றர் தள்ளி இருந்த காட்டுக்குள் இறங்கியது. ஒன்றரை மணித்தியாலம் தேடினேன். கிடைக்கவில்லை. விழுத்தியதைத் தேடி எடுக்க முயலவேண்டும் என்பது சட்டம். சட்டத்தை விடுங்கள், அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது சீசன்: பெரிசு, வேகம், பிழை

'சின்னச் சன்னம்தான் பிழை' என்று முடிவெடுத்துப் பெரிசு தேடினேன். இரண்டாவது பெட்டி பிபி, 41 டொலர். வீட்டுக்கு வந்து பார்த்தால் மூலையில் 3½ அங்குலம் என்று இருக்கிறது. என் குழலில் 3 என்று பொறித்திருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. சுடாத தோட்டாவைப் பார்த்தால் அறைக்குள் போகும் போலத்தான் தெரியும். ஏனென்றால் பெட்டியில் எழுதியிருக்கும் நீளம் சுட்டபிறகு வாய் விரிந்த கோதின் நீளம். அறை கட்டையாக இருந்தால் வாய் முழுக்க விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிற விசயம் இது. போட்டுப் பார்க்கவே கூடாது. கடையில் தோட்டாவைத் திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். அந்தப் பெட்டி 3½ அறை உள்ள துவக்கு வைத்திருந்த தவம் அண்ணையிடம் போனது. பதிலுக்கு அவர் இரண்டு பறவை தந்தார், ஆகவே முழு நட்டம் என்று சொல்லமாட்டேன்.

மூன்றாவது பெட்டி: 2ஆம் நம்பர், 3 அங்குலம், 1⅛ அவுன்ஸ், வேகம் செக்கனுக்கு 1,550 அடி, 31 டொலர். பெட்டியில் மின்னல் படம். 'தூரம் போகவேண்டும், நெருக்கமாகப் போகவேண்டும்' என்று ஃபுல் சோக்கையும் மாட்டினேன். உதை தாங்கமுடியவில்லை. இரண்டாம் நாள் தோள் கத்தரிக்காய் நிறம். அதற்கு மருந்தாகப் பிடங்கின் (தோளில் வைக்கும் பின்கட்டையின்) அடியில் சப்பாத்து மாதிரிக் கொழுவுகிற ரப்பர் மெத்தை ஒன்று வாங்கிப் போட்டேன், 26 டொலர். இந்த மெத்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த சீசன் முழுக்க 15 வெடி. விழுந்தது ஒரு தாரா, ஒரு கூஸ். கூஸும் 20 யாருக்குள் வந்ததால் விழுந்தது. எடுக்க மறந்த மூன்று தோட்டா ஈரச் சட்டைப்பைக்குள்ளேயே மார்கழி வரை கிடந்து, அடிப்பக்கத் தொப்பி துருப்பிடித்து உப்பிவிட்டது. ஒன்று அறைக்குள் போகாமல் இறுகியது. உருக்குத் தோட்டாவுக்குள் தண்ணீர் போனால் சன்னங்கள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகவும் வரலாம். நனைந்து கிடந்ததைச் சுடாதீர்கள்.

தவம் அண்ணையிடம் போய் தோட்டாவைக் குறை சொன்னேன். இருபது வருசமாக இங்கே வேட்டைக்குப் போகிற மனிசன். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை.

"தம்பி, நீர் கடதாசிக்குச் சுட்டுப் பாத்தனீரோ?"

"இல்லை அண்ணை."

"பின்னை என்னெண்டு தோட்டா பிழையெண்டு சொல்லுறீர்?"

கடதாசி

ஓகஸ்டில் தொடங்கினேன். முறை பழசு, எல்லா வேட்டைக்காரரும் அறிந்தது. 40 யார் தூரத்தில், கிட்டத்தட்ட 37 மீற்றர், பெரிய கடதாசிக்கு ஒரு வெடி. சன்னம் ஆக நெருக்கமாக விழுந்த இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல விட்டத்தில் வட்டம் கீறவேண்டும். உள்ளே எத்தனை ஓட்டை என்று எண்ணவேண்டும். மொத்தச் சன்னத்தில் அது எத்தனை வீதம் என்பதுதான் விடை. ஈயத்தோடு மொடிஃபைட் சோக் 60 வீதம், ஃபுல் 70 வீதம் என்பது பழைய பெயர்க்கணக்கு. உருக்கு கடினம், நசியாது, அதனால் அதே சோக்கில் இன்னும் நெருக்கமாக விழும்.

சட்டத்துக்கு இரண்டுக்கு இரண்டு மரம் மூன்று நீளம், 13 டொலர். ஸ்டேப்ளர் இருந்தது. கடதாசி, சாமான் சுற்றுகிற பிறவுண் சுருள், 36 அங்குல அகலம், 18 டொலர். இதுதான் இந்தக் கட்டத்தின் முதற்பிழை. 30 அங்குல வட்டத்துக்கு 36 போதும் என்று நினைத்தேன். வெடி நடுவில் விழுந்தால்தானே போதும்! முதல் மூன்று கடதாசியிலும் வட்டத்தின் ஒரு பக்கம் காற்றில் நின்றது. பிறகு இரண்டு கீற்றை நீளவாக்கில் டேப் போட்டு ஒட்டி, ஏறக்குறைய 70 அங்குலம் ஆக்கினேன். காற்றுக்குக் கடதாசி கிழிந்தது. பின்னால் ஃபிரிட்ஜ் வந்த மட்டைப்பெட்டியை விரித்து அறைந்தபிறகுதான் அடங்கியது.

இடம், போட் பெரிக்கு வடக்கே எங்களுக்குத் தெரிந்த ஒரு கமக்காரரின் பழைய மண்கிடங்கு. பின்னால் 15 அடி உயர மண்மேடு. இரண்டு விசயம் கவனியுங்கள். உருக்குச் சன்னம் கல்லிலோ இரும்பிலோ பட்டால் திரும்பி வரும், ஆகவே மண் மட்டும்தான். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி, பார்க்க வந்தவருக்கும் அதே.

தூரத்தை முதலில் காலால் அளந்தேன், 40 அடிவைப்பு. அண்ணை 100 அடி டேப்பை எடுத்து வந்து இழுத்தார். 40 யார் என்றால் 120 அடி. என் நாற்பது அடிவைப்பு 99 அடியில் முடிந்தது, 33 யார். "உம்மட கால் கட்டை" என்றார். அது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு அவருடைய தூரமானியை வாங்கி வயல் ஓரத்து மரங்களைப் பார்த்தபோதுதான் மற்றது விளங்கியது. போன வருசம் 'நாற்பது இருக்கும்' என்று நான் சுட்ட கூஸ்கள் போன இடம், அந்த மரவரிசைக்கு நேர்மேலே. மரவரிசை 58 யார். கூஸ் பெரிய பறவை, பெரிசாகத் தெரிவதால் கிட்ட வந்துவிட்டது போல இருக்கும்.

அறுத்து எண்ணியது

சுடமுதல் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தோட்டாவை அறுத்துப் பார்த்தேன். இதற்காக நான்காவதும் ஐந்தாவதும் பெட்டி வாங்கியிருந்தேன். நான்காவது 2ஆம் நம்பர், 1¼ அவுன்ஸ், மின்னல் இல்லாதது, 1,400 அடி, 29 டொலர். ஐந்தாவது பிபி, 1¼ அவுன்ஸ், இந்த முறை 3 அங்குலம்தானா என்று மூன்று தரம் வாசித்து, 30 டொலர்.

வாய் மடிப்பைக் கத்தியால் மெல்ல விரித்துச் சன்னத்தை எவர்சில்வர் தட்டில் கொட்டினேன். உருண்டு திரிந்து முழு வீட்டையும் எழுப்பியது. சின்ன மகள் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணினாள். 4ஆம் நம்பரில் 211. வேகமான 2ஆம் நம்பரில் 138. 1¼ அவுன்ஸ் 2ஆம் நம்பரில் 157. பிபியில் 88. எழுதியிருந்ததோடு எல்லாமே கிட்டத்தட்டச் சரி. சமையல் தராசில் 1¼ அவுன்ஸ் 35 கிராம் காட்டியது. வேர்னியரால் அளந்தபோது 2ஆம் நம்பர் 3.7 முதல் 3.9 மில்லிமீற்றர். மலிந்த பெட்டியில் ஐந்தாறு சன்னம் முட்டை வடிவம், ஒன்றில் வால்கூட இருந்தது.

சன்னத்தைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று இருக்கும். உருக்கு குழலைக் கீறாமல் அதுதான் காக்கிறது. மருந்தைத் தண்ணீரில் நனைத்துக் கொட்டினேன். கோதின் அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கிற பிரைமர் இன்னும் உயிரோடுதான் இருக்கும், அதைச் சும்மா குப்பைக்குள் எறியவேண்டாம். இதெல்லாம் பிள்ளையை மேசைக்குக் கூப்பிடமுதல் கராஜில் முடித்த வேலை.

18 வெடி

ஒரு சேர்க்கைக்கு மூன்று வெடி. எல்லாப் பெட்டியையும் எல்லாச் சோக்கிலும் பார்க்க 36 வெடி வேண்டும், தோள் ஒத்துக்கொள்ளாது. ஆறு சேர்க்கையோடு நிறுத்தினேன். மணல்மூட்டைக்குமேல் குழலை வைத்து, கதிரையில் இருந்து சுட்டது.

வேகமான 2ஆம் நம்பர், ஃபுல் சோக்: 71, 102, 64. சராசரி 57 வீதம். வீதத்தை விடுங்கள், கடதாசியைப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் சல்லடை. இன்னொரு பக்கம் என் இரண்டு கையையும் விரித்து வைக்கக்கூடிய வெறும் இடம். ஒரு முழுத் தாரா சுகமாக அதற்குள்ளால் பறந்து போகும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் ஒற்றுமையே இல்லை. அதே தோட்டா, மொடிஃபைட்: 94, 99, 91. ஒடுக்கத்தைக் குறைக்க நெருக்கம் கூடியது. நான் ஒரு சீசன் முழுக்கத் தலைகீழாகச் செய்திருக்கிறேன். அதோடு பெரிய உருக்குச் சன்னத்தை ஃபுல் சோக்கால் தள்ளுவது குழலுக்கும் நல்லதல்ல. சோக்கில் உருக்குக்கு ஆகுமா என்று பொறித்திருப்பதை வாசியுங்கள்.

1¼ அவுன்ஸ் 2ஆம் நம்பர், மொடிஃபைட்: 112, 108, 115. 71 வீதம். மூன்று கடதாசியையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்தால் ஒரே கை எழுதிய மாதிரி. இம்ப்ரூவ்ட் சிலிண்டரில் 96, 88, 93. பிபி, மொடிஃபைட்: 63, 59, 66. 4ஆம் நம்பர், மொடிஃபைட்: 141, 133, 138.

எத்தனை போதும்? உருக்கால் விழுந்த பறவைகளைச் சோதித்து டொம் றோஸ்ரர் தொகுத்த அட்டவணை ஒன்றை இங்கே எல்லாரும் கையாள்கிறார்கள். பெரிய தாராவுக்கு அந்த வட்டத்துக்குள் 85க்கு மேல் வேண்டும், கனடா கூஸுக்கு 50க்கு மேல். அதோடு ஒவ்வொரு சன்னத்துக்கும் உள்ளே போகிற பலமும் வேண்டும். 4ஆம் நம்பர் எண்ணிக்கையில் அள்ளிக் கொடுக்கிறது, ஆனால் கூஸின் கொழுப்பில் நின்றுவிடுகிறது. அதை நான் ஏற்கெனவே மேசையில் பார்த்துவிட்டேன். பிபிக்குப் பலம் உண்டு, எண்ணிக்கை கூஸுக்குப் போதும், தாராவுக்குக் காணாது. 1¼ அவுன்ஸ் 2ஆம் நம்பர் இரண்டு பக்கமும் கடக்கிறது. மின்னல் பெட்டி ⅛ அவுன்ஸ் சன்னத்தை விற்று வேகம் வாங்கியிருக்கிறது. அந்த வேகத்தில் முக்கால்வாசி என் தோளில்தான் இறங்கியது.

தவம் அண்ணை பிஸ்மத் தோட்டா இரண்டு தந்தார். உருக்கை விடப் பாரம் கூட, ஈயத்தை விடக் குறைவு, மென்மையானது. அவரிடம் ஒரு பழைய இரட்டைக்குழல் இருக்கிறது. உருக்கு போடக்கூடாத அந்தக் குழலுக்காக வாங்கி வைத்திருக்கிறார். கடதாசி அழகாகத்தான் வந்தது. 25 தோட்டா 85 டொலர் என்றார். கடதாசியை மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

உண்மையான பிழை

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சாமான் கட்டும்போது அண்ணை சொன்னார், "கதிரையில இருந்தே தம்பி கூஸ் சுடுறனீர்? எழும்பி நிண்டு வையும் பாப்பம்."

புதுக் கடதாசியின் நடுவில் சிவப்பு மார்க்கரால் ஒரு புள்ளி. நின்று, தோளுக்கு எடுத்து, குறி பார்த்துக்கொண்டு நிற்காமல் வேட்டையில் சுடுகிற மாதிரியே ஐந்து வெடி. கதிரையில் இருந்து சுட்டபோது வெடியின் நடு புள்ளியிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் இருந்தது. நின்று சுட்டதில் ஐந்துமே மேலேயும் இடப்பக்கமும். டேப் பிடித்தேன், சராசரி 11 அங்குலம். வட்டத்தின் ஆரை 15தான். என் நல்ல வெடியில்கூடப் பறவை வட்டத்தின் ஓரத்தில் இருந்திருக்கிறது. நான் தோட்டா மாற்றிக்கொண்டே இருந்தேன்.

அண்ணை பின்னால் போய் நின்று, திரும்ப எடுக்கச் சொன்னார். வெறும் துவக்கு. இரண்டு தரம் பார்த்தார். பிறகு பிடங்கைப் பிடித்து அந்த ரப்பர் மெத்தையைக் கழற்றி புல்லில் போட்டார்.

நான் ஐந்தடி ஐந்தங்குலம். பிடங்கு எனக்கு ஏற்கெனவே சற்று நீளம். மெத்தை அதற்கு இன்னும் ஒரு அங்குலம் கூட்டியது. எடுக்கும்போது கம்புக்கூட்டில் சிக்கும், முழுக்கத் தோளில் இருக்காது, கன்னம் கட்டையில் படியாது, உதைக்குப் பயந்து தலை தூக்கும். தலை தூக்கினால் வெடி மேலே. வேகமான தோட்டா உதைத்தது, உதைக்கு மெத்தை வாங்கினேன், மெத்தை தப்பவிட்டது, தப்பியதற்கு இன்னும் வேகமான தோட்டா தேடினேன். இந்தச் சுற்றை நானே காசு கொடுத்துக் கட்டியிருக்கிறேன்.

மெத்தை இல்லாமல், 1¼ அவுன்ஸ் தோட்டாவோடு அடுத்த ஐந்து: சராசரி 4 அங்குலம். வீட்டில் ஒவ்வொரு பின்னேரமும் வெறும் துவக்கை, தோட்டா எல்லாம் வேறு அறையில் பூட்டிவிட்டு, இருபது தரம் தோளுக்கு எடுத்துப் பழகினேன். குளிர்ச் சட்டையையும் போட்டுக்கொண்டு. ஓகஸ்டில் அதைப் போட்டுக்கொண்டு கராஜில் நின்றதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி இப்போதும் என்னோடு கவனமாகத்தான் கதைக்கிறா.

மூன்றாவது சீசன்

ஏரியில் தாராவுக்கு மிச்சமிருந்த 4ஆம் நம்பர், இம்ப்ரூவ்ட் சிலிண்டர், 30 யாருக்குள். வயலில் கூஸுக்கு 1¼ அவுன்ஸ் 2ஆம் நம்பர், மொடிஃபைட். ஆக வெளியே வைக்கும் பொம்மையைத் தூரமானியால் அளந்து 35 யாரில் நடுவேன். அதற்கு அங்கால் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் இரண்டு நாள் கை துடித்தது, பிறகு பழகிவிட்டது. நவம்பர் கடைசியில் காற்றுக் கடுமையான இரண்டு நாள் மட்டும் பிபி போட்டேன். அடிபட்டுத் தண்ணீரில் விழுந்து தலையை நீட்டி நீந்துகிற தாராவுக்கு இரண்டாவது வெடியாக 4ஆம் நம்பர்தான் சரி. தண்ணீருக்கு மேலே தெரிவது தலையும் கழுத்தும் மட்டும், அங்கே எண்ணிக்கைதான் வேண்டும்.

17 வெடி, எட்டுப் பறவை, தேடிக் கிடைக்காதது ஒன்றுமில்லை. தவம் அண்ணைக்கு இது சாதாரணக் கணக்கு. எனக்கு இல்லை.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து பெட்டி 155 டொலர், மரமும் கடதாசியும் 31, மெத்தை 26. மெத்தை இப்போது கராஜ் கதவு சுவரில் இடிக்காமல் இருக்க ஆணி அடித்திருக்கிறது.

திரும்பத் தொடங்கினால் 48 அங்குலச் சுருள்தான் வாங்குவேன், ஒட்டி மாளவில்லை. முதல் வெடியே நின்று சுடுவேன், கதிரை பிறகு. பிடித்த பெட்டி கிடைத்ததும் அதே லொட் நம்பரில் நான்கைந்து பெட்டி சேர்த்து எடுப்பேன். இந்த வருசம் அதே பெயரில் வாங்கிய புதுப் பெட்டி மொடிஃபைட்டில் 65 வீதம்தான் காட்டுகிறது, ஏன் என்று இன்னும் அறுத்துப் பார்க்கவில்லை. சீசன் முடிந்த அன்றே சட்டைப்பையைக் கொட்டுவேன்.

கறிக்கு இறைச்சி வெட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கு மேலாலும் நயாகரா காந்தத்தை மெல்ல இழுக்கிறோம். ஈயம் என்றால் கடித்தால் நசியும், உருக்கு பல்லை உடைக்கும். ஆழத்தில் இருப்பதைக் காந்தம் பிடிக்காது, சதைக்குள் இறகு சுருண்டு போன கறுத்தக் கோடு தெரிந்தால் அதன் வழியே கத்தியை விடவேண்டும். இந்த வேலை மகளுடையது. போன கிழமை வறுத்த தூள் போட்டு இறக்கிய கூஸ் கறியில் ஒன்று தப்பி என் பல்லில்தான் பட்டது. எடுத்துக் கழுவி வேர்னியரில் வைத்துப் பார்த்தாள். 3.3 மில்லிமீற்றர், 4ஆம் நம்பர். அந்தக் கூஸை நான் 2ஆம் நம்பரால் சுட்டேன். வேறு யாரோ, எங்கேயோ, எந்த வருசமோ தூரத்தில் வைத்து ஒரு வெடி வைத்திருக்கிறார்கள்.

அதைத் தனியாக ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறாள். மேசையில் இப்போது 3ஆம் நம்பர் பெட்டி ஒன்று இருக்கிறது, 28 டொலர், ஓகஸ்டுக்கு.